ரயில் துணியின் முதல் ஒன்பது பெட்டிகள்

ஜீனத்துன்னிசாவுக்குக் கோபம் வரும் என்று சொன்னால் போன ஜனவரி வரைக்கும் முல்லா வீதியில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். பால்காரர் தண்ணீர் கலந்து ஊற்றினால் பாத்திரத்தைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் சுவர் ஓரத்து நாற்காலிதான். அங்கே உட்கார்ந்து யாருடைய ரவிக்கையில் கை ஏறியிருக்கிறது, யாருக்குக் கழுத்து இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்ததை வீட்டுக்கு வந்து கணவர் அன்வருதீனிடம் மட்டும் சொல்வாள். அவர் தையல்காரர். "ஊர்ல இருக்கற அத்தனை தப்புத் தையலும் உன் கண்ணுலதான் படும்" என்பார்.

அப்படிப்பட்டவள் கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில், நாற்பது பேர் நடுவே தரையில் உட்கார்ந்து செய்த காரியம் இன்றைக்கும் பேச்சாக இருக்கிறது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் அவளுக்குத் திமிர் என்கிறார்கள். அவளிடமிருந்து என்ன எடுக்கப்பட்டது என்று தெரியாததால் அப்படிச் சொல்கிறார்கள்.

அவள் அந்த வீதியிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு நின்றது. தம்பி பிறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். இருபது வயதில் நாலு வீடு தள்ளி அன்வருதீனுக்கு வாழ்க்கைப்பட்டாள். முன் அறை கடை, பின் அறை வீடு. பள்ளிக்கூடச் சீருடைதான் அவருக்கு முக்கியமான வேலை. மே மாதம் வந்தால் மிஷின் சத்தம் நிற்காது. வெட்டி மிஞ்சின துணியெல்லாம் மூட்டை மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் சேரும்.

மூத்தவள் ஃபரீஹா ஒன்றாவது படித்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. சுவரெல்லாம் ஓதம். குழந்தை பாயில் சுருண்டு கிடந்தாள். ஜீனத்துன்னிசா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தாள். பழுப்பு, நீலக் கட்டம், பச்சைக் கோடு என்று கிடைத்த துண்டுகளைச் சதுரமாக வெட்டி இணைத்தாள். நடுவில் பழைய வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் ஒரு கைலி. மூன்றையும் சேர்த்து, கீழே இறங்கி மேலே ஏறும் கைத்தையலால் பிடித்தாள். மிஷினை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் ஊசிதான். முடிக்க இருபத்தாறு நாள் ஆயிற்று.

அன்வருதீன் தூக்கிப் பார்த்தார். "யூனிஃபாரத்துல போர்வையா? பெல் அடிச்சா எழுந்து நிக்குமா?"

அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு, மிஞ்சின பழுப்புத் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டினாள். போர்வைக்குப் போலவே மூன்று அடுக்கு வைத்து, அதே நூலில் இரண்டு வரிசை தைத்தாள். பிறகு இஞ்ச் டேப்பை மேலே வைத்து எண்ணினாள். ஒரு இஞ்சுக்கு நாலு தையல். ஒன்று அரிசி மணி மாதிரி, இன்னொன்று பேரீச்சங்கொட்டை மாதிரி. அந்தக் கணக்குக்கு மூலையில் நாலு முடிச்சுப் போட்டு பீரோவில் வைத்தாள்.

ஏன் வைத்தாள்? போர்வை துவைத்துத் துவைத்துக் கந்தலாகிவிடும். அடுத்ததைத் தைக்கும்போது கை தேறியிருக்கிறதா இல்லையா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? அஞ்சாவதுக்குப் பிறகு அவளுக்கு மார்க் போட்டவர் யாரும் இல்லை.

அடுத்த போர்வை முடிந்த அன்று அடுத்த சதுரம். முதலாவதன் பக்கத்தில் இணைத்தாள். அதற்கும் நாலு முடிச்சுதான். மூன்றாவதற்கும் நாலு. நாலாவதில்தான் அஞ்சு வந்தது. அன்றைக்கு யாரும் பார்க்காமல் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டம் ஒன்று வைத்துக்கொண்டாள். போர்வை முடிகிற அன்றைக்கே சதுரம் தைக்க வேண்டும். கை எப்படிப் போகிறதோ அப்படியே போக வேண்டும். கோணலாகப் போனாலும் பிரிக்கக் கூடாது. பிரித்துத் தைத்தால் அது மார்க் இல்லை, ஏமாற்று.

நீள நீள அதற்கு அன்வருதீன் வைத்த பெயர் ரயில். ஒவ்வொரு சதுரமும் ஒரு பெட்டி. "உன் ரயிலு எது வரைக்கும் வந்துச்சு?" என்று வெட்டுகிற மேசையிலிருந்தே கேட்பார். பிள்ளைகளுக்கும் அது ரயில்தான்.

பத்தொன்பது வருடத்தில் ஐம்பத்தெட்டுப் பெட்டி. விரித்தால் ஐந்து கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேறு யாருக்கும் அது ஒரு துணி. அவளுக்கு ஒவ்வொன்றும் தெரியும். முதல் பெட்டியில் ஊசி ஏறி ரத்தம் பட்ட பொட்டு ஒன்று உண்டு. மூன்றாவது பெட்டியில் முதல் வரிசையின் நடுவே தையல் சட்டென்று திசை மாறும். அந்த இடத்தில் வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகன் ஸாகிப் பிறந்து நாற்பது நாள் கழித்து அதே ஓட்டையிலிருந்து விட்டதைத் தொடர்ந்தாள். கை மாறியிருந்தது. ஆறாவது பெட்டி வரைக்கும் நூல் முடிகிற முடிச்செல்லாம் மேல்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். முடிச்சை உள்ளே இழுத்து மறைக்கலாம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. எட்டாவதில் ஆறு தையல் வந்தது. பதினேழாவதில் மறுபடி நாலுக்கு இறங்கியது. சிக்குன்குனியா வந்து விரல் மூட்டெல்லாம் வீங்கிய வருடம். ஊரைப் புரட்டிப் போட்ட 'தானே' புயலுக்குப் பிந்தின பெட்டியில் உப்புக் கறை போகவே இல்லை. ஐம்பதுக்கு மேல் எல்லாமே ஒன்பது, பத்து.

கடைக்காரி நிர்மலாதேவி அவள் வாழ்க்கையில் வந்தது நடுவில்தான். பெரிய வாய்க்காலைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் நடமாடும் தெருவில் அவருக்கு ஒரு துணிக்கடை. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவரை மதாம் என்பார்கள். கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்து வந்து கேட்டார், அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று அங்கே போகிறது. போர்வையில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுவார்கள். அதில் "கிராமத்துப் பெண்களின் கைவண்ணம்" என்று எழுதியிருக்கும்.

அதை முதல்முதல் எழுத்துக்கூட்டிப் படித்த அன்று ஜீனத்துன்னிசா வீட்டுக்கு வந்து, "என்னங்க, முல்லா வீதி எந்தக் கிராமத்துல இருக்கு?" என்றாள்.

"ஏன், பஞ்சாயத்து பிரெசிடென்ட் எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்றார் அவர்.

மதாமிடம் கேட்கவில்லை. நாலு வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அப்புறம் போய்விடும். அவள் வழக்கம் அது.

கடைக்கும் அவளுக்கும் நடுவே போய்வந்தவள் அன்னக்கிளி. தவளக்குப்பத்திலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிறவள், கடையில் ஓரம் அடிப்பது, பித்தான் வைப்பது, அயர்ன் போடுவது எல்லாம் அவள்தான். போர்வை வாங்க வந்தால் வாங்கிக்கொண்டு போய்விட மாட்டாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பாள், இவள் குழம்பை அவள் ஊற்றிக்கொள்வாள், தன் மகளின் மாமியாரைத் திட்டுவாள், மதாம் மாதிரி நடந்து காட்டுவாள். பத்து வருடமாக ஜீனத்துன்னிசா வாய்விட்டுப் பேசிய ஒரே வெளி ஆள் அவள். ரயிலை விரித்துக் காட்டியதும் அவளுக்குத்தான்.

டிசம்பர் கடைசியில் அன்னக்கிளி மதாமையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். "ஜீனத்தக்கா, அந்த ரயில எடு. மதாம் பாக்கணுமாம்."

ஜீனத்துன்னிசா தயங்கித் தயங்கிக் கட்டிலில் விரித்தாள். நிர்மலாதேவி குனிந்து பார்த்தார், செல்போனில் படம் எடுத்தார், "அடேங்கப்பா" என்றார். ஜனவரியில் கண்காட்சி வைக்கிறார்களாம், பிரான்சிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், இதை நடுநாயகமாகத் தொங்கவிட வேண்டுமாம்.

"அது விக்கறதுக்கு இல்ல மதாம்."

"விக்க யாரும்மா கேட்டா? காட்டத்தான். முடிஞ்ச உடனே திருப்பிக் கொடுத்துடறேன்."

கொடுத்ததற்குக் காரணம் மதாம் இல்லை. அவளுக்கே ஆசை வந்துவிட்டது. இத்தனை வருடமும் பீரோவுக்குள் கிடந்ததை யாராவது முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். இங்கிருந்து தொடங்கி இங்கே வந்திருக்கிறாள், ஒருத்தரும் சொல்லித்தராமல் வந்திருக்கிறாள் என்று கண்ணால் காண வேண்டும். ஒருமுறை போதும். அதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

கண்காட்சி அன்று மாலை அன்வருதீனுக்கு அவசர வேலை. ஜீனத்துன்னிசா சேலைக்கு மேல் புதுத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஆட்டோவில் தனியாகப் போனாள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய வீடு, பெரிய மரக்கதவு, வாசலில் பூச்சட்டிகள். வாசல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை செய்யறவங்கள்லாம் பின்பக்கமா வாம்மா" என்றார்.

அவள் பின்பக்கமாகப் போனாள். அதுவும் தொண்டை வரைக்கும் வந்து போனதுதான்.

நடுமுற்றத்துத் தூண்களுக்கு இடையே கயிறு கட்டி ரயிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். பின்பக்கமாக வந்ததால் கடைசிப் பெட்டிதான் முதலில் கண்ணில் பட்டது. ஐம்பத்தெட்டு. விளக்கு வெளிச்சத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஆட்கள் கையில் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரை ஒட்டி, ஒவ்வொரு பெட்டியாகப் பின்னோக்கி நடந்தாள். நாற்பது. முப்பத்திரண்டு, அதன் உப்புக் கறை. பதினேழு, வீங்கின விரல். பத்து.

ஒன்பதாவதில் நின்றாள்.

துணி அவளுடையதுதான். நூல் இல்லை. அவள் தைத்தது சீருடைக்கு வாங்கின மெரூன் நூல். இது வெள்ளை, பளபளவென்று இருந்தது. விரலை வைத்தாள். ஒரு இஞ்சுக்கு எட்டு, எல்லாம் அளந்து வைத்தாற்போல. மூலையில் முடிச்சு இல்லை. எட்டாவதும் அப்படி. ஆறாவதில் துருத்தின முடிச்சு ஒன்றுகூட இல்லை, கஞ்சி போட்டு அயர்ன் செய்திருந்தார்கள். மூன்றாவதில் திசை மாறின இடம் போயே போய்விட்டது. ஒரு வலியும் இல்லாமல், ஒரு பிள்ளையும் பிறக்காமல், நேராக ஓடியது அந்த வரிசை. முதல் பெட்டியில் ரத்தப் பொட்டைக்கூட வெளுத்துவிட்டிருந்தார்கள்.

மேலே பலகை. இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் பெரிதாக, அடியில் தமிழில் சின்னதாக. அவள் எழுத்துக்கூட்டினாள். "கலைஞர் ஜீனத். பத்தொன்பது ஆண்டுகள், ஒரே சீரான தையல்."

பேர் போடாமல் விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். கிராமத்துப் பெண் என்றதைப் பொறுக்கவில்லையா? இது அவள் பேரை மேலே எழுதி, அதற்குக் கீழே பொய்யைத் தொங்கவிட்ட மாதிரி. முதல் நாளே எட்டுத் தையல் வந்ததாம் அவளுக்கு! அப்படியென்றால் இந்தப் பத்தொன்பது வருடம் என்னத்துக்கு? என்னத்துக்கு அவள் கண் எரிய எண்ணி எண்ணி முடிச்சுப் போட்டாள்?

நிர்மலாதேவி பட்டுப் புடவையில் பக்கத்தில் வந்தார். "வந்துட்டியா ஜீனத்! எப்படி இருக்கு? எல்லாரும் கேக்கறாங்க."

"மதாம், இத யாரு தைச்சது?"

"உன்னோடதுதான்மா. ஆரம்பத்துல மட்டும் கொஞ்சம் ஃபினிஷிங் பண்ணோம். வாசல்ல நுழையறவங்க கண்ணுல மொதல்ல படறது அதான் இல்லையா?"

"யாரு தைச்சது?"

அன்னக்கிளி சமோசாத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். கேள்வி காதில் விழுந்ததும் அவள் முகம் பூத்தது. "நாந்தாங்கா! மூணு நாளு, தலை நிமிரல. உன் பழைய தையலு ஒண்ணொண்ணும் கம்பி மாதிரி, பிரிக்கவே ஒரு நாள் ஆச்சு. அந்த முடிச்செல்லாம் அசிங்கமா துருத்திக்கிட்டு இருந்துச்சா, வெட்டிட்டேன். பதினேழாவதையும் சரி பண்ணிருப்பேன், நேரம் இல்லாம போச்சு."

"ஏன் கிளி?"

"என்னக்கா ஏன்னு கேக்கறே? பிரான்ஸ்காரங்க பாக்கறது. கோணத் தையலப் பாத்துட்டு உன்ன என்னன்னு நினைப்பாங்க? உன் மானம் போகக் கூடாதுன்னுதான்."

அவள் மெய்யாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். முகத்தில் கள்ளம் இல்லை. பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அதுதான் ஜீனத்துன்னிசாவுக்குத் தாங்க முடியாமல் போனது. திருடன் எடுத்துக்கொண்டு போயிருந்தால் திட்டலாம். விரித்துக் காட்டின ஒரே ஆள், ஒவ்வொரு பெட்டியின் கதையையும் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டவள், மூன்று நாள் தலை நிமிராமல் உட்கார்ந்து அத்தனையையும் துடைத்து வைத்திருக்கிறாள்.

"அவுத்துக் குடுங்க மதாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"விளையாடாத. கெஸ்ட் எல்லாம் நிக்கறாங்க. நாளைக்குப் பேசலாம்."

"இது என்னுது இல்ல. என் பேருக்குக் கீழ இருக்கக் கூடாது."

"ஷ்... மெதுவா பேசு. நல்லதுக்குத்தானே பண்ணோம்?" சிரித்த முகம் மாறாமலே சொன்னார் நிர்மலாதேவி. பிறகு யாரோ கூப்பிட, அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

ஜீனத்துன்னிசா சுற்றும் பார்த்தாள். கயிறு எட்டவில்லை. ஆனால் ரயிலின் முதல் முனையை அழகுக்காகத் தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் துப்பட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு, அந்த முனைக்கு அடியில் சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானை ஓரத்தில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். பையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. முதல் பெட்டியை மடியில் வைத்து, வெள்ளை நூலின் முதல் தையலுக்கு அடியில் ஊசியை விட்டு நெம்பினாள். டக்கென்று அறுத்தாள். இழுத்தாள்.

"அக்கா! என்னா பண்றே?" அன்னக்கிளி தட்டைத் தூணோரம் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

இரண்டாவது தையல். மூன்றாவது.

ஒரு வெள்ளைக்கார அம்மாள் குனிந்து பார்த்தார். இன்னொருவர் வந்தார். செல்போன்கள் வெளியே வந்தன. கண்காட்சியில் வேலை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டுவதற்காகவே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். "த்ரே பியான், த்ரே பியான்" என்று பாராட்டினார் அந்த அம்மாள். யாரோ கைகூடத் தட்டினார்கள். ஜீனத்துன்னிசாவுக்குக் காது மடல் சுட்டது. வேறு நாளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். இன்றைக்கு ஊசி நிற்கவில்லை.

நிர்மலாதேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இத்தனை செல்போன் முன்னால் கத்த முடியாது. குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுந்திரு ஜீனத். ப்ளீஸ். என் மானத்த வாங்காத" என்றார்.

"உங்க மானத்த நான் தொடல மதாம்."

கூட்டத்தில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் இருந்தார், ஊர்த் தமிழர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் போலிருந்தது, உடுப்பும் நிற்கிற நிமிர்வும் அப்படி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ தைக்கிறியா, பிரிக்கிறியா?" என்று கேட்டார்.

"பிரிக்கிறேன் முசே." பட்டாளத்துப் பெரியவர்களை வீதியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

நாற்பது முகம். அவள் ஊசியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நல்லா இருக்கறதுதான் தப்பு. மொதல் போர்வ தைக்கும்போது எனக்குத் தைக்கத் தெரியாது. இஞ்சுக்கு நாலுதான் வந்துச்சு, அதுவும் கோணலு. அதத்தான் இங்க வச்சிருந்தேன். அத எடுத்துட்டு வேற ஆளத் தைக்க வச்சு, நான் மொதல் நாளே கத்துக்கிட்டுப் பொறந்தேன்னு எழுதி மாட்டியிருக்காங்க. இந்த ஒம்பதும் என் கை இல்ல. என் கை இல்லாதது எனக்கு வேணாம்."

அவள் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். பெரியவர் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார். சொல்லச் சொல்லச் செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கை தட்டினவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெள்ளைக்கார அம்மாள் மேலே பலகையைப் பார்த்தார், நிர்மலாதேவியைப் பார்த்தார்.

ஒன்பது பெட்டியும் பிரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெள்ளை நூல் துணுக்குகள் சிமென்ட் தரையில் தேங்காய்ப் பூவாகக் கிடந்தன. அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்தபோது எழுந்தாள். கால் மரத்திருந்தது. பெரியவரும் வாசல்காரருமாகக் கயிற்றிலிருந்து ரயிலை அவிழ்த்துக் கொடுத்தார்கள். சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, பூச்சட்டிகள் வைத்த முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். பலகை மட்டும் அங்கேயே தொங்கியது. பத்தொன்பது ஆண்டுகள், ஒரே சீரான தையல். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

வீட்டில் அன்வருதீன் எல்லாவற்றையும் கேட்டார். முதல் பெட்டியைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் கோபம்தான். ஆனால் அவர் எதற்கும் வழி தேடுகிற ஆள். மறுநாள் காலையில், "சரி விடு ஜீனத்து. நீயே திருப்பித் தைச்சிடேன், பழையபடி கோணலா. மெரூன் நூலு இருக்கு" என்றார்.

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. சோற்றை வடித்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஒன்பது பெட்டியின் எண்ணும் மனப்பாடம். நாலு, நாலு, நாலு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு, ஆறு, ஆறு. ஒரு பழைய துண்டில் பழகிப் பார்த்தாள். நாலு தையல் பெரிதாகப் போட்டாள். நாலும் ஒரே அளவாக வந்தன. வேண்டுமென்றே ஒன்றைச் சின்னதாக்கினாள். அது சின்னதாக்கின தையலாகத்தான் தெரிந்தது, தெரியாமல் வந்த தையலாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாள். கை நேராகப் போயிற்று. இடது கையால் தைத்தாள். அது வேறு யாரோ ஒருத்தியின் கோணல்.

துண்டைத் தூக்கி எறிந்தாள். "வரலீங்க. என் கைக்கே மறந்து போச்சு. அந்தத் துணி ஒண்ணுலதான் இருந்துச்சு, அதையும் சுரண்டிட்டாங்க." சொல்லும்போது அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. "அசிங்கமாம்! யாரு வீட்டு அசிங்கத்த யாரு கழுவறது?"

அன்வருதீன் மிஷினை நிறுத்தினார். பழுப்பு நிற முதல் பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "இங்க வா. இதப் பாரு."

தடித்த சீருடைத் துணி. கஞ்சியும் அயர்னும் மற்றப் பெட்டிகளில் பழைய ஊசி ஓட்டைகளை மூடிவிட்டிருந்தன. இதில் மட்டும் முழுவதும் மூடவில்லை. அன்னக்கிளியின் நெருக்கமான பொடி ஓட்டைகளுக்கு நடுவே, பத்தொன்பது வருடம் நூல் உட்கார்ந்து அகட்டிவைத்த பெரிய ஓட்டைகள் வெளிச்சம் விட்டன. ஒன்று கிட்டே, ஒன்று தள்ளி. அவள் டேப்பை வைத்தாள். நாலு.

மற்ற எட்டையும் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டாவதில் பாதி தெரிந்தது. மீதி ஏழில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு மனசு ஆறியது என்று சொல்ல முடியாது. ஏழு ஏழுதான்.

அன்னக்கிளி ஒரு வாரம் கழித்து வந்தாள். தூக்கைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"எங்கூடப் பேச மாட்டியாக்கா?"

ஜீனத்துன்னிசா அடுப்பில் டீயை வைத்தாள். "உள்ள வா."

"மதாம் என்ன உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. நான் சொன்னேன், நீங்கதானே அசிங்கமா இருக்குன்னீங்கன்னு. உன் பேரு கெட்டுப் போகக் கூடாதுன்னு செஞ்சேங்கா, சத்தியமா."

"உனக்கு மூணாவது பெட்டி எதுன்னு தெரியும்."

அன்னக்கிளி தூக்கைக் கீழே வைத்தாள்.

"ஸாகிப் பொறந்த கதைய நான் உனக்குச் சொல்லல? அந்த இடத்தக் கை வச்சுக் காட்டல? பிரிக்கும்போது உனக்கு அது ஞாபகம் வரலயா கிளி?"

"வந்துச்சு." குரல் இறங்கிப் போயிற்று. "வந்துச்சுக்கா. கோணலா இருக்கேன்னுதான் மறுபடி தோணுச்சு. எங்க கடையில கோணலா எதையும் விட்டதில்லக்கா நான். கை பழகிடுச்சு."

டீயை அவள் முன்னால் வைத்தாள் ஜீனத்துன்னிசா. முகத்தைப் பார்க்கவில்லை. "குடிச்சிட்டுப் போ" என்றாள். அன்னக்கிளி குடித்தாள். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். இப்போதும் வருகிறாள். தூக்கைத் திறக்கிறாள். ஜீனத்துன்னிசாவும் குழம்பு ஊற்றுகிறாள். ரயிலை மட்டும் அவள் முன்னால் விரிப்பதில்லை.

மதாமிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. பலகையில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்றார். "மொதல்ல அட்டையில கிராமத்துப் பொண்ணுங்கன்னு போட்டிருக்கறத எடுங்க. நான் டவுன்காரி" என்றாள் ஜீனத்துன்னிசா. போனை வைத்துவிட்டு, இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆயிற்றே என்று தன் மேலேயே கொஞ்சம் எரிச்சல்பட்டாள்.

பிப்ரவரி கடைசியில், கண்காட்சியால் பாதியில் நின்ற போர்வை முடிந்தது. மூலக்குளத்தில் இருக்கும் ஃபரீஹாவுக்காகத் தைத்தது. சட்டப்படி அன்றைக்கே சதுரம் வெட்டினாள், மூன்று அடுக்கு வைத்தாள், இரண்டு வரிசை ஓட்டினாள். தைக்கும்போது அந்த வெள்ளை நூல் நினைவுக்கு வந்தது. சமோசாத் தட்டு, பலகை, "பின்பக்கமா வாம்மா" எல்லாம் வந்தது. முடித்துவிட்டு டேப்பை வைத்தாள். ஆறு. நடுவில் ஒன்று ஏறக்குறைய அரை இஞ்சு நீளத்துக்குத் தாண்டிக் குதித்திருந்தது.

அன்வருதீன் எட்டிப் பார்த்தார். "என்னா, பத்துல இருந்த ரயிலு ஆறுக்கு வந்துடுச்சு? ரிவர்ஸ்ல போவுதா? பிரிச்சிட்டு இன்னொன்னு போடு, யாரு கேக்கப் போறாங்க?"

"போட மாட்டேன்" என்றாள்.

மூலையில் ஆறு முடிச்சுப் போட்டாள். ஐம்பத்தொன்பதாவது பெட்டியை ரயிலின் வால் பக்கம் இணைத்தாள். தலைப் பக்கம் ஒன்பது பெட்டிகள் நூல் இல்லாமல் வெறுமனே கிடந்தன. மூன்று அடுக்கும் பிரிந்துவிடாமல் இருக்க, ஓரத்தில் மட்டும் மெரூன் நூலால் சுற்றிப் பிடித்தாள். உள்ளே எதையும் தொடவில்லை. சுருட்டி, பீரோவில் வைத்து, சாவியைத் திருப்பினாள்.